அரூரில் ஒரு தக்காளி வண்டி

கும்பகோணத்துக்காரனுக்குச் சேலத்தைத் தாண்டினால் வெளிநாடு. காவிரி ஒன்றுதான். ஆனால் எங்கள் ஊரில் அது வாய்க்கால்களாகப் பிரிந்து கொல்லைப்புறம் வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். தர்மபுரி மாவட்டத்தில் பாறையில் விழுந்து இரைச்சல் போடுவதோடு அதன் வேலை முடிந்தது. எங்கள் பக்கம் கல் என்றால் அம்மிக்கல், ஆட்டுக்கல். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல். நாம் தட்டை என்பதை நிப்பட்டு என்கிறார்கள், வீட்டை வூடு என்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.

இந்த வெளிநாட்டில்தான் என் மனைவி ஸ்டெல்லா பிறந்தாள். அரூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு மாதாகோயில், அதைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகள். அவளுடைய தங்கை பிலோமினா அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு மாடும் வயலுமாக இருக்கிறாள். சகோதரிகள் இருவரும் தினமும் காலையில் போனில் சண்டை போட்டுக்கொள்வார்கள். சண்டை இல்லாத நாளில் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

நான்கு வருடங்களுக்கு முன் ஸ்டெல்லாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவளால் தொடர்ந்து உட்கார முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் நீட்டிப் படுக்க வேண்டும். பஸ், ரயில், கார் எல்லாம் அத்தோடு போயிற்று. அப்போது பிலோமினா வந்து பார்த்தாள். கட்டிலோரம் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மாடு கத்தும் என்று அன்றைக்கே திரும்பிப் போனாள். அந்தக் காட்சி ஸ்டெல்லாவின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. "படுத்த எடத்துல வந்து என்னப் பாத்துட்டுப் போனது போதுங்க. நான் அவ வூட்டு வாசல்ல நடந்து போயி நிக்கணும்" என்பாள்.

அதற்காகத்தான் இந்த வண்டி. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ட்ரெய்லர். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பீரோ அளவில் ஒரு கழிவறை. ஓடும்போது ஸ்டெல்லா ஜீப்பில் முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். நிறுத்தும்போது ட்ரெய்லருக்குள் போய்ப் படுப்பாள். வடிவமைத்தது நான். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பிறர் வண்டிகளின் விபத்துகளை மதிப்பிட்டவன் என்ற தகுதி எனக்கு இருந்தது. திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி மூன்று வாரம் யோசித்தேன். அடியில் சக்கரம் எதன்மேல் உட்காரும் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

கிளம்பும்போதே ஸ்டெல்லா ஒப்பந்தம் போட்டுவிட்டாள். "இந்த ஒரு தடவ பாக்கறேன். முதுகு தாங்கலன்னா இனிமே என்ன எங்கயும் கூப்பிடாதீங்க." அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மாற்றிச் சொன்னதாக எங்கள் வீட்டில் சரித்திரம் இல்லை.

முதல் நாள், தர்மபுரி வரை நெடுஞ்சாலை நன்றாகவே இருந்தது. மொரப்பூர் சாலையில் திரும்பியதும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. அரசாங்கம் ஊருக்கு ஒன்று போட்டிருக்கிறது. அது போதாதென்று ஊரார் ஆசைப்பட்ட இடத்திலெல்லாம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஜீப் ஏறும், இறங்கும். அப்பாடா என்று மூச்சு விடும்போது பின்னால் ட்ரெய்லர் ஏறும், குதிக்கும். குதித்த கையோடு ஜீப்பைச் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஓர் இழுப்பு இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்டெல்லா ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். ரோட்டைப் பாருங்கள் என்றாள்.

மொரப்பூருக்குள் நுழையும்போது டங்கென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே வில்போல வளைந்திருக்கும் இரும்புப் பட்டை, கமான் பட்டை என்பார்கள், ஒரு பக்கம் இரண்டாக முறிந்து கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அலமாரி திறந்து, மெத்தை முழுவதும் மிளகாய்த்தூள். அதன்மேல் சாம்பார்ப் பொடி. இரண்டு தட்டுகள் கழிவறைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. கேரவன் என்றாலே சினிமாக்காரர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்பதுதான் நம் நாட்டு அறிவு. "உள்ள யாருங்க, ஹீரோவா?" என்று ஒருவர் கேட்டார். நான்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஜீப் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒரு பெண்மணி, "இந்தம்மா சீரியல்ல மாமியாரா வருவாங்களே" என்று அடையாளமும் கண்டுபிடித்துவிட்டார். அந்த வலியிலும் ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. மறுக்கவும் இல்லை.

டீக்கடையில் அனைவரும் ஒருமனதாக ஒரே பெயரைச் சொன்னார்கள். அரூரில் மணிவேல் பட்டறை. ஒடிந்த பக்கத்தில் மரக்கட்டையைச் சொருகிக் கயிற்றால் கட்டிக்கொடுத்தார்கள். மாட்டு வண்டிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போக, ஊர்வலமாக அரூர் போய்ச் சேர்ந்தோம்.

மணிவேல் டிராக்டர் ட்ரெய்லர் செய்கிறவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அவர் ஸ்பேனரைத் தொடுவதில்லை, விரலால் சுட்டிக்காட்டுவார். சுட்டிய இடத்தில் வேலை செய்வது வெல்டர் நாகராஜ். அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தன் மனைவிக்குப் போன் போட்டுத் தெலுங்கில் நீளமாகப் பேசினார். சிறுவயதில் தெலுங்கு வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள் ஸ்டெல்லா. ட்ரெய்லர் கட்டிலில் படுத்தபடியே எனக்கு மொழிபெயர்த்தாள். "ஒரு வீட்டுக்குச் சக்கரம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆமாம், சமையல்கட்டோடு. இல்லை, பைத்தியம் மாதிரித் தெரியவில்லை. அந்த அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்."

மணிவேல் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். டீ வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், வண்டி தக்காளியா, கெழங்கா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "இந்தப் பக்கம் ரெண்டே வண்டிதானுங்க. மில்லுக்கு மரவள்ளிக் கெழங்கு ஏத்தறது ஒண்ணு. சந்தைக்குத் தக்காளி ஏத்தறது ஒண்ணு. கெழங்கு வண்டின்னா பட்டை மேல பட்டை போட்டு கெட்டியா இருக்குமுங்க. எவ்ளோ ஏத்துனாலும் குனியாது. தக்காளி வண்டி மெத்துனு ஆடிக்கிட்டே போவுமுங்க."

ஆடிக்கொண்டே போகும் என்ற சொல் என் இன்சூரன்ஸ் காதில் விழுந்ததும் உடம்பு சிலிர்த்தது. ஆடிய வண்டிகளை எல்லாம் பள்ளத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன். "கிழங்கே போடுங்கள். எவ்வளவு கெட்டியாக முடியுமோ அவ்வளவு கெட்டியாக" என்றேன்.

மணிவேல் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சரிங்க சார். நீங்க சொன்னா சரிங்க" என்று முடித்துக்கொண்டார்.

இந்த ஊர் மரியாதையில் ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக்காக இருந்தால், "உனக்கு என்னய்யா தெரியும், தள்ளு" என்று சொல்லிவிட்டுச் சரியான வேலையைச் செய்திருப்பான். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசி, நீங்கள் கேட்டதை அப்படியே செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

அன்று இராச் சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். குழையப் பிசைந்த சோற்றிலேயே வளர்ந்தவன் நான். களியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். அது பல்லோடு உறவு கொண்டாடியது. மெஸ்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "மெல்லாதீங்க சார், மெல்லக் கூடாதுங்க! கடைசல்ல பொரட்டி அப்பிடியே முழுங்குங்க!" உணவை மெல்லாமல் விழுங்குவதுதான் முறை என்று சொல்லும் ஒரு நாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது உருண்டையில் வித்தை பிடிபட்டது. ஐந்தாவது உருண்டையில், இதை ஏன் எங்கள் ஊரில் செய்வதில்லை என்று கோபம் வந்தது.

இதற்கிடையில் தங்கைக்கு விஷயம் தெரியக்கூடாது என்று ஸ்டெல்லா கட்டளை போட்டிருந்தாள். அரூருக்கும் பிலோமினா வீட்டுக்கும் டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம்தான். தெரிந்தால் ஓடி வந்து மறுபடியும் கட்டிலோரம் நின்று அழுவாள். அதனால் காலைப் போனில் ஸ்டெல்லா வாய் கூசாமல் பொய் சொன்னாள். "சேலத்துலதான் இருக்கறம்டி. நாளைக்கு ஏற்காடு பாத்துட்டு வர்றம்." அந்த நேரம் பார்த்து நாகராஜ் சம்மட்டியால் பட்டையை அடித்தார். "அது என்னக்கா சத்தம்?" "கோயில் மணிடி."

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் கிழங்கு வண்டி தயார். ஒடிந்ததை எடுத்துவிட்டுப் புதுக் கட்டு போட்டு, அதன்மேல் இன்னும் சில பட்டைகளை அடுக்கி, யூ போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். ட்ரெய்லர் ஒரு முழம் உயர்ந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மணிவேல் சக்கரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஸ்டெல்லாவும் தன் பங்குக்கு ஒரு சிலுவை போட்டாள். இரண்டு பக்கத்துக் காவலும் சேர்ந்த தைரியத்தில், திருவண்ணாமலை சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தானும் வருவேன் என்று ஸ்டெல்லா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முதல் வேகத்தடையில் ட்ரெய்லர் வானத்தில் பறந்தது. பட்டைகள் வளைந்து கொடுப்பதற்கு அவற்றின்மேல் பாரம் வேண்டும். எங்கள் பாரம் ஒரு மெத்தை, இரண்டு தலையணை, நான்கு தட்டு. வளையாத பட்டை அடியை அப்படியே மேலே அனுப்பியது. ட்ரெய்லர் ஆட்டுக்குட்டியாகத் துள்ளியது, துள்ளிய வேகத்தில் ஜீப்பை முன்னும் பின்னும் உலுக்கியது. அதன் பின்பாகத்தில் நான் பெருமையாக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி அந்த உலுக்கலுக்குத் தாளம் போட்டது. பிரேக்கை மிதித்தேன். அது இன்னும் ஓர் உலுக்கல். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லாவின் முகத்தில் ரத்தம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நடக்கிற வேகத்தில் பட்டறைக்குத் திரும்பினோம். அவளைத் தாங்கிப் பிடித்து ட்ரெய்லருக்குள் படுக்க வைத்தேன். மாத்திரை கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இதுக்கு ரயிலே பரவால்ல. நாளைக்கு மொரப்பூர்ல படுக்க எடம் கெடைக்கற ரயிலா பாத்து ஏத்திவுட்டுடுங்க. ஊருக்குப் போயிர்லாம்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. இல்லை.

வெளியே வந்து பட்டைக் குவியலின்மேல் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. முதுகைப் பற்றிய பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், இனி அவள் அந்தக் கட்டிலையும் ஜன்னலையும் விட்டு வெளியே வரவே மாட்டாள் என்பது. அதற்கு நானே ஆள் வைத்து, பட்டை மேல் பட்டை போட்டு, கற்பூரமும் காட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி பிளாஸ்டிக் பையில் மண்ணோடு வந்தார். "மண்ணு பரிசோதன வண்டி வந்துருக்குதுன்னாங்க. எங்க காட்டு மண்ணுங்க. கல்ல வெதைக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க." கல்ல என்றால் நிலக்கடலை. இது அந்த வண்டி இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அரசாங்கத்து ஆட்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் சிரித்துவிட்டு, பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆற்றாமையை யார் மீதாவது இறக்க வேண்டுமே. மணிவேலிடம் சத்தம் போட்டேன். அவரும் குரலை உயர்த்தினார், மரியாதை குறையாமல். "நீங்கதானுங்க கெழங்குன்னீங்க. எவ்ளோ கெட்டியா முடியுமோ அவ்ளோன்னு சொன்னீங்களா இல்லீங்களா? நாகராசு, சார் சொன்னாரா இல்லியா?"

ட்ரெய்லர் ஜன்னல் திரை விலகியது. மூன்று வாரம் யோசித்து நான் தேர்ந்தெடுத்த திரை.

"கெழங்கா?" என்றது ஸ்டெல்லாவின் குரல். "யாருங்க கெழங்குன்னது?"

மணிவேல் கையை என் பக்கம் நீட்டினார். அவர் சுட்டிக்காட்டுவதில் தேர்ந்தவர் என்று ஏற்கெனவே சொன்னேன்.

"ஏங்க, உங்களுக்கு என்ன தெரியும்னு வாயக் குடுத்தீங்க?" என்று என்னிடம் ஆரம்பித்து அவரிடம் திரும்பினாள். "அவுரு கும்மோணத்து ஆளு. கெழங்கயும் தெரியாது, தக்காளியயும் தெரியாது, கடையில வாங்கித் திங்கத்தான் தெரியும். வெறும் வண்டிக்குக் கெழங்குக் கட்டுப் போட்டா துள்ளாதுங்களா? எங்கப்பா பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி அனுப்புனவரு. அடிக்கூடையில ஒரு பழம் நசுங்குனா டிரைவர வூட்டு வாசல் மிதிக்க வுடமாட்டாரு. நான் தக்காளிங்க. என் முதுகு தக்காளி. தக்காளிக் கட்டுப் போடுங்க."

பட்டறையில் வேலை நின்றுவிட்டது. நாகராஜ் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அம்மா இந்தப் பக்கமுங்களா?" என்றார் மணிவேல். வாயெல்லாம் பல். "மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? எனக்கும் மனசுல பட்டுதுங்க, ஆனா சார் சொல்லும்போது குறுக்க பேசறது நல்லால்லீங்களே."

ரயில் பேச்சு அதோடு நின்றது. வலி நிற்கவில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் ஸ்டெல்லாவுக்கு வலி இரண்டாம்பட்சம்.

மூன்றாம் நாள் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் ஜன்னலுக்குப் போனது. முந்தின நாள் போட்ட பட்டைகளைக் கழற்றி, நீளமான, மெல்லிய பட்டைகளில் நான்கைந்து மட்டும் வைத்தார்கள். அது மட்டும் போதாது. மெத்தென்ற பட்டை ஒருமுறை ஆடினால் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் ஷாக் அப்சர்பர். தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்குப் போடுகிற சோடி ஒன்றைத் தர்மபுரியிலிருந்து வரவழைத்தார்கள். அச்சில் ஒரு தாங்கி, சட்டத்தில் ஒரு தாங்கி வெல்டு வைத்து, இரண்டுக்கும் நடுவில் சற்றே சாய்வாகப் பொருத்த வேண்டும்.

எவ்வளவு சாய்வு என்பதில் மணிவேலுக்கும் நாகராஜுக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது. ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் சண்டை போட்டார்கள். தெலுங்கில் சொன்னதை ஸ்டெல்லா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். கடைசியில் கட்டிலுக்கடியில் இடம் இருந்த அளவு சாய்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியை வாலிலிருந்து பிடுங்கி முன்பக்கம் வைத்தார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். என் வடிவமைப்பில் மிஞ்சியது திரைச்சீலைதான்.

அப்போது ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறங்கியவர் பிலோமினாவின் கணவர் அருளப்பன். ட்ரெய்லர் கொக்கியைச் சரிசெய்ய வந்தவர், ஜன்னலில் மனைவியின் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

"ஏற்காட்டுல இருக்கறதா சொன்னாளே" என்றார். நான்கு வார்த்தை கூடத் தேறவில்லை.

"சொல்லிக் கில்லி வச்சிராதீங்க" என்றாள் ஸ்டெல்லா. "நானே வரணும்."

அவர் தலையாட்டினார். போய், ஒரு பிளாஸ்டிக் கிரேட் நிறையக் கனிந்த தக்காளியோடு திரும்பி வந்தார். இந்தப் பக்கம் தக்காளி வண்டிக்கு அதுதான் பரிசோதனையாம். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒரு கிரேட் அடுக்கி, வண்டியின் கடைசிக் கோடியில் வைத்து, மோசமான ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து, அடித்தட்டுப் பழத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டெல்லாவை மரநிழலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, அருளப்பனும் நானும் போனோம். திரும்புமிடத்தில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போனது, இடப்பக்கம் ஒடித்தால் புளியமரத்தின் பக்கம் போனது. அருளப்பன் இறங்கி வந்து, என்னை நகரச் சொல்லிக் கை காட்டினார். ஒரே மூச்சில் திருப்பினார்.

பட்டறையில் எல்லோரும் சுற்றி நிற்க மணிவேலே கிரேட்டைக் கவிழ்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் கையால் செய்த ஒரே வேலை அதுதான். அடித்தட்டில் ஒரே ஒரு பழம் வெடித்திருந்தது. அது முன்னாலேயே வெடித்ததா, வழியில் வெடித்ததா என்று விவாதம் நடந்தது. ஸ்டெல்லா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காம்புப் பக்கம் காய்ந்த வெடிப்பு. "இது செடியிலயே வெடிச்சது" என்றாள். தீர்ப்பு முடிந்தது. அன்று பட்டறை முழுவதற்கும் தக்காளித் தொக்கு எங்கள் அடுப்பில்தான் வெந்தது. மண்ணுக்காரரும் முடிவு தெரிந்துகொள்ள வந்து, இரண்டு வாய் தொக்கு சாப்பிட்டு, கல்ல வெதைக்கலாம் என்று ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டுத் திருப்தியாகப் போனார்.

நான்காம் நாள் கிளம்பினோம். முதல் வேகத்தடை வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஜீப் ஏறி இறங்கியது. பின்னால் ட்ரெய்லர் ஏறியது, அமுங்கியது, எழுந்தது, நின்றது. இழுப்பு வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. நான் ரோட்டைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் எல்லையில் மாதாகோயில் தெரிந்தபோது அவள் கைப்பிடியை விட்டுவிட்டுத் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

தெருமுனையில் நிறுத்தச் சொன்னாள். கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். மெதுவாக, நேராக, நடந்தாள். பிலோமினா வாசலில் குனிந்து தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, வந்தவங்கள வான்னு கூப்புட மாட்டியா?"

பிலோமினா நிமிர்ந்தாள். கையிலிருந்த வாளி சாய்ந்து தவிட்டுத் தண்ணீர் தெருவில் ஓடியது. "அக்கா" என்று ஒரு சத்தம் வந்தது. கட்டிப்பிடிக்க ஓடி வந்தவள், முதுகு ஞாபகம் வந்து, எங்கே தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஒடஞ்சி போவ மாட்டேன், வாடி" என்றாள் ஸ்டெல்லா. அதன் பிறகு இருவரும் போட்ட அழுகையில் பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். நான் வண்டியைப் பூட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மத்தியானம் ட்ரெய்லரை அவர்கள் வீட்டுச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன், பிலோமினா சுற்றிப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், குழாயைத் திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், படுத்தும் பார்த்தாள். பகலில் படுத்து எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லையாம். பக்கத்தில் அக்கா படுத்திருந்தாள். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். பேச்சுக்கு நடுவில் பிலோமினாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அக்கா, ஒகேனக்கல்லு இங்கேருந்து எவ்ளோ தூரம்? நான் பாத்ததே இல்ல."

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவள் பார்த்ததில்லை. மாடு இருக்கிறதே.

மறுநாள் விடிந்ததும் ஒகேனக்கல் போவது முடிவாகியிருந்தது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ட்ரெய்லர் அந்தச் சந்திலிருந்து ரிவர்ஸில்தான் வெளியே போக முடியும். அருளப்பன் எடுத்தார். அப்படியே அவரே ஓட்டுவது என்றாயிற்று. அப்படியானால் மாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். பிலோமினா என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ரெண்டே நாளு. பால் கறக்கப் பக்கத்து வூட்டு அக்கா வருவாங்க. நீங்க தீனி வச்சி, தண்ணி காட்டி, சாணி அள்ளிப் போட்டாப் போதுமுங்க."

ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக்கூடாது, வளைவில் வேகம் கூடாது, அருவிக்கரையில் மசாஜ் என்று எவன் எண்ணெய்க் கிண்ணியோடு வந்தாலும் முதுகைக் காட்டக்கூடாது என்று இன்சூரன்ஸ்காரனாக நான் அடுக்கினேன். ஸ்டெல்லா முன் சீட்டில் சாய்ந்துகொண்டு, "சரிங்க, நீங்க சொன்னா சரிங்க" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

மூன்று மாடுகள், ஒரு கன்று. சாணி அள்ளுவதில் உள்ள நெளிவு சுளிவுகளைத் தனியாக ஒரு கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். மத்தியானம் ஆகியும் போன் வரவில்லை. நான் நான்கு தடவை போட்டேன், யாரும் எடுக்கவில்லை. வளைவுகள், பாறை, வழுக்கல் என்று நான் பார்த்த விபத்துகள் எல்லாம் வரிசையாக வந்து போயின. வெயில் தாழ்ந்த பிறகு போன் அடித்தது. தண்ணீர் விழும் இரைச்சல், யாரோ மீன் பொரிக்கும் சத்தம், பிலோமினா எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"முதுகு எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அட, ஆமாங்க" என்றாள் ஸ்டெல்லா. "காலையிலேருந்து அத நெனைக்கவே இல்லியே."

நான்கு வருடத்தில் அவள் அதை மறந்த முதல் நாள் அது, நான் பக்கத்தில் இல்லாத நாளும் அதுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தேன். மாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு அப்பிடியே மைசூரு பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வர்றம். பிலோமி ஆசப்படறா. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?"

காட்டிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.